ஏற்றத்தில் ஒரு கிலோ



உடல் எடை, உடல் பருமன், சைக்கிள் பந்தயம் மூன்றையும் சேர்த்து வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள், டாக்டர் சொன்னாரே என்று சைக்கிள் வாங்கியவர்கள் என்று இரண்டு தரப்பும் என் அறைக்கு வெளியே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் காத்திருப்பார்கள். ஒருவருக்கு எடை குறையவில்லையே என்று கவலை. அடுத்த நாற்காலியில் இருப்பவருக்கும் அதே கவலைதான், ஆனால் அவர் எடை 48 கிலோ. இந்த இரண்டாவது ஆளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பேப்பர், பேனா இருந்தால் போட்டுப் பாருங்கள். ஒருவர் உயரம் 1.85 மீட்டர், எடை 92 கிலோ. எடையை உயரத்தால் வகுத்து, வந்ததை இன்னொரு தடவை உயரத்தால் வகுங்கள். கிட்டத்தட்ட 27 வரும். இதுதான் எல்லா ஹெல்த் செக்கப்பிலும் எழுதித் தருகிற பி.எம்.ஐ. ஐரோப்பியர்களுக்கு 25-ஐத் தாண்டினால் அதிக எடை. நம் ஊர் உடம்புக்கு வரம்பு இன்னும் குறைவு: 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன். ஆக, நான் சொன்ன ஆள் நம் ஊரில் ஒரு செக்கப்புக்குப் போனால், "சார், தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவர் ஸ்காட்லாந்துக்காரர், பெயர் கிறிஸ் ஹோய். சைக்கிள் பந்தயத்தில் ஆறு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அதில் மூன்று, 2008-ல் பெய்ஜிங்கில் ஒரே ஒலிம்பிக்கில் வாங்கியது.

அவர் ஓட்டியது வெலோட்ரோம் என்கிற, ஓரங்கள் சரிந்த நீள்வட்டத் தடத்தில். சில சுற்றுகள்தான், ஆனால் கடைசியில் வெடித்துக் கிளம்ப வேண்டும். அதற்குத் தொடை வேண்டும். தொடை என்றால் எடை. பி.எம்.ஐ.க்குத் தசைக்கும் கொழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் என்னிடம் வருகிறவர்களுக்கு இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பையும் அளந்து பார்ப்பேன். தொப்புளைச் சுற்றிச் சேர்ந்திருக்கிற கொழுப்புதான் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வழி விடுகிறது.

சமதளச் சாலையிலும் கனமான ஆள் ஒன்றும் மோசமில்லை. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் பலத்தில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. காற்றுக்கு உங்கள் எடை தெரியாது. முன்பக்கம் எவ்வளவு அகலமாக இருக்கிறீர்கள் என்பதுதான் அதற்குக் கணக்கு. 80 கிலோ ஆள் 60 கிலோ ஆளைவிடக் கொஞ்சம்தான் அகலம், கால் பலமோ நிறையவே அதிகம். ஸ்பெயினின் மிகேல் இந்துராய்ன் ஆறடி இரண்டு அங்குலம், 80 கிலோ. 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தார். 1992 டூரில், லக்சம்பர்க்கில் 65 கிலோமீட்டர், ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தோடு போட்டி போடும் கட்டம். அதில் இரண்டாவது வந்தவரை மூன்று நிமிடம் பின்னால் விட்டார். விநாடிக் கணக்கில் தீர்மானமாகிற பந்தயத்தில் மூன்று நிமிடம்!

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டேன். மலை. கடிகாரத்தைக் காட்டினாலும் இங்கே கொஞ்சம் நிற்கத்தான் போகிறேன்.

பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலையில் ஆல்ப் டூயஸ் என்று ஒரு ஏற்றம். அடிவாரத்தில் பூர்-துவாசான் என்கிற சின்ன ஊர். அங்கிருந்து 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்குப் போனவர்கள் சிரிக்காதீர்கள், நம்மிடம் எழுபது இருக்கிறது, தெரியும்! ஆனால் இது நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் வீதம் விடாமல் ஏறுகிற சாலை. 1952-ல் முதல் தடவையாக டூர் இந்த உச்சியில் முடிந்தபோது இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பி ஜெயித்தார். இங்கே ஜெயித்தவர்களின் பெயரை ஒவ்வொரு வளைவிலும் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழாவது வளைவு நெதர்லாந்துக்காரர்களுடையது. பந்தய நாளில் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு சாலையை அடைத்து நிற்பார்கள். ஓட்டுகிறவருக்கு முன்னால் தார்ச்சாலையே தெரியாது, கூட்டம் கடைசி நொடியில்தான் விலகும்.

இந்த ஏற்றத்தில் ஒரு கிலோ என்ன செய்யும்? அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,100 மீட்டர். 300 வாட் பலம் விடாமல் தரக்கூடிய ஒருவர், நல்ல பழக்கம் உள்ள ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவை அவ்வளவு உயரம் தூக்க அவருக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இரண்டு கிலோ குறைத்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சம். இருபது கிலோ வித்தியாசம் என்றால் பத்து நிமிடத்துக்கு மேல். அதனால்தான் மலையரசர்கள் எல்லாரும் ஒல்லி. மார்கோ பந்தானி 57 கிலோ. மொட்டைத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்தபடி எழுந்து நின்று மிதிப்பார். ஏற்றத்தில் மற்றவர்கள் மேல்பகுதியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார்கள். 1995, 1997 இரண்டு தடவை இந்த மலையில் ஜெயித்தார். ஊக்கமருந்து இருக்குமோ என்று அந்தக் காலத்து நேரங்களை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். 1999-ல் இத்தாலியப் பந்தயத்தில் அவருடைய ரத்தச் சிவப்பணு அளவு வரம்பைத் தாண்டியது என்று வெளியே அனுப்பினார்கள். 2004-ல், முப்பத்துநான்கு வயதில் செத்துப்போனார். ஆனாலும் அந்த மிதியை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

கணக்குக்கு இன்னொரு பக்கம் உண்டு, அதை யாரும் போடுவதில்லை. எடையைக் குறைக்கிறேன் என்று சாப்பாட்டை விட்டு, தசையும் கூடவே போய், 300 வாட் 290 ஆகிவிட்டது என்று வையுங்கள். அந்தப் பத்து வாட்டுக்கு இதே மலையில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போய்விடும். ஒரு கிலோ குறைத்துச் சம்பாதித்தது அரை நிமிடம்தானே?

அந்த இரண்டாவது நாற்காலிக்கு வருகிறேன். கல்லூரிப் பெண். மாநில அளவில் ஓட்டுகிறவள். இடுப்புக்கு மேலே முதுகு வலி என்று அம்மாவோடு வந்தாள். தினமும் விடியற்காலையில் எண்பது கிலோமீட்டர் ஓட்டுகிறாள். போனில் சாப்பாட்டுக் கணக்கு எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். காலையில் இரண்டு முட்டை, அதுவும் மஞ்சள் கருவை எடுத்துவிட்டு. மதியம் வெள்ளரிக்காய், மோர். இரவில் ஓட்ஸ். பயிற்சி கொடுத்த யாரோ, "இன்னும் ரெண்டு கிலோ குறைச்சா ஏத்தத்துல உன்னைப் பிடிக்க ஆளிருக்காது" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"சோறு?" என்றேன்.

"விட்டு ரொம்ப நாளாச்சுக்கா."

"பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சொன்னார்: "போட்டிக்குப் போற பொண்ணு, அது வராம இருக்கிறதும் ஒரு விதத்துல வசதிதானேன்னு விட்டுட்டோம் மேடம்."

வீட்டில் ஓடியாடுகிற பெண்பிள்ளைகள் இருக்கிற அம்மாக்கள் வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேளுங்கள். மாதவிலக்கு நின்றுபோவது வசதி கிடையாது. உள்ளே வருகிற எரிசக்தி போதவில்லை, அவசரமில்லாத வேலைகளை நிறுத்தி வைக்கிறேன் என்று உடம்பு சொல்கிறது. அடுத்தபடியாக எலும்பில் கை வைக்கும். இதற்கு 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே ஒரு பெயர் வைத்து, ஆண்களுக்கும் வரும் என்று எச்சரித்தது. சைக்கிள்காரர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து. ஓடுகிறவர்களுக்குத் தரையில் கால் பட்டுப் பட்டு எலும்பு கெட்டிப்படும். சைக்கிளில் உடம்பைச் சுமப்பது சீட். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் முதுகெலும்புக்கு அந்த அதிர்ச்சி கிடைப்பதில்லை. அந்தப் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்தபோது முதுகெலும்பின் அடர்த்தி வயதுக்குரியதைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

அவளிடம் லியோன்டீன் வான் மூர்சல் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்துக்காரர். 1992, 1993 இரண்டு வருடமும் பெண்களுக்கான பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தவர். மலையேற ஒல்லியாக வேண்டும் என்று ஆரம்பித்த பட்டினி நோயாகவே மாறிவிட்டது. சாப்பாட்டைக் கண்டாலே பயம். உலக சாம்பியனாக இருந்தவர் பந்தயத்தையே விட்டு விலக வேண்டியதாயிற்று.  மெல்ல மெல்ல மீண்டு, உடம்பில் சதை பிடித்து, 1998-ல் மறுபடி உலக சாம்பியன். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. 2004 ஏதென்ஸில் சாலைப் பந்தயத்தில் கீழே விழுந்தார். மூன்றே நாளில், அந்தக் காயத்தோடு, தனிநேரப் போட்டியில் தங்கம் வாங்கினார். இவ்வளவும் ஒல்லியாக இருந்த காலத்தில் வாங்கியவை அல்ல. பின்னாளில் நெதர்லாந்தில் இதே நோயில் மாட்டிக்கொண்டவர்களுக்காக ஒரு இல்லம் தொடங்கினார்.

2025-ல் பெண்கள் டூரை ஜெயித்த பிரான்ஸின் பவுலின் ஃபெரான்-ப்ரெவோவையும் இங்கே சொல்ல வேண்டும். அதே வருடம் ஏப்ரலில் பாரிஸ்-ரூபே பந்தயத்தை ஜெயித்தார். அது சமதளம், கருங்கல் பாவிய சாலை, ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். பிறகு மலைக்காக நான்கு கிலோ குறைத்தார். ஜெயித்த கையோடு அவரே சொன்னார், இது முழுக்க ஆரோக்கியமான எடை இல்லை, இப்படியே நீடிக்க முடியாது என்று. உடன் ஓட்டியவர்களில் சிலர், நாங்கள் அந்த அளவுக்கு மெலிய மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். எனக்கு இரண்டு பக்கத்தின் மேலும் மரியாதைதான். ஆனால் இருபது வயதுப் பெண் செய்தியில் முதல் பாதியை மட்டும் படிப்பாள் என்பதுதான் என் பயம்.

சோறு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. டூர் வீரர்கள் கடினமான மலை நாளில் ஆறாயிரம் கலோரிக்கு மேலேகூட எரிப்பார்கள். சட்டையின் பின்பாக்கெட்டில் என்ன வைத்திருப்பார்கள் தெரியுமா? பல அணிகளில் குழைய வேகவைத்த சோற்றை வெல்லப்பாகு மாதிரி ஏதாவது சேர்த்து அழுத்தி, வில்லை போட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறார்கள். நம் பொங்கலுக்கு அண்ணன் தம்பி முறை.

முதல் நாற்காலிக்காரருக்கு நான் அதிக நேரம் வைக்கவில்லை, மன்னிக்கவும். நூறு கிலோவைத் தாண்டிய ஒரு வங்கி ஊழியர். முழங்கால் வலி. நடக்கும்போது முழங்காலில் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் விழும். சைக்கிளில் ஏறக்குறைய ஒரு மடங்குதான். அந்தப் பெண்ணின் எலும்புக்குக் கெடுதலாக இருந்த அதே சீட், இவர் மூட்டுக்கு நன்மை. ஆனால் அவருக்கு ஓட்டினால் வலி அதிகமானது. பார்த்தால், கால் தரையில் எட்ட வேண்டும் என்று சீட்டை அடியோடு இறக்கி வைத்திருக்கிறார். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நிற்கும்வரை ஏற்றிக் கொடுத்தேன். பின்சக்கரம் வேறு அடிக்கடி கம்பி உடைந்து கோட்டம் விழுந்துகொண்டிருந்தது. பந்தய சைக்கிள் சக்கரம், கம்பி குறைவு. "36 கம்பி வீல் போடுங்க சார், டயரையும் கொஞ்சம் அகலமாப் போடுங்க" என்றேன். எடை பெரிதாகக் குறையவில்லை. ஒரு மணி நேரம் நிதானமாக ஓட்டினால் முந்நூறு, நானூறு கலோரிதான், வழியில் டீக்கடையில் மூன்று வடை சாப்பிட்டால் நேராகிவிடும். ஆனால் இடுப்புச் சுற்றளவு இறங்கியது, படியேறும்போது மூச்சு வாங்குவது நின்றது. இப்போது இருநூறு கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கிற ப்ரெவே ஓட்டங்களில் தெரிகிறார். அதில் யாரும் முதலாவதில்லை, எடையும் யாரும் கேட்பதில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். சைக்கிளின் எடை பற்றி எழுதி வைத்திருந்ததில் இரண்டே வரி சொல்லி விடைபெறுகிறேன். பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று 2000-லிருந்து விதி இருக்கிறது. உடைந்து ஆள் விழுந்துவிடக் கூடாதே என்றுதான். ஓட்டுகிற ஆளுக்கு அப்படி ஒரு கீழ்வரம்பு கிடையாது. பனிச்சறுக்குத் தாவல் போட்டியில் 2004-லிருந்தே ஆள் அளவுக்கு மீறி மெலிந்திருந்தால் அவருடைய சறுக்குப் பலகையின் நீளத்தைக் குறைத்துவிடுகிறார்கள். மெலிந்து சம்பாதித்த லாபம் அங்கேயே போய்விடும். சைக்கிள்காரர்களும் இப்படி ஏதாவது ஒன்று யோசிப்பார்கள் என்று நம்புகிறேன். அதுவரைக்கும், காலையில் எண்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் மதியம் சோறு சாப்பிடுங்கள், குழம்பு ஊற்றி.