ஓதமும் சாதியும்

(மடவார் வளாகத்தில் நடந்த வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பள்ளிக்கூடம் போனதெல்லாம் இந்த மடவார் வளாகத்து வாடகை வீடு ஒன்றிலிருந்துதான். ஐப்பசி பிறந்து மேற்கே மலை கறுத்தால் ஊரே சந்தோஷப்படும். அம்மா மட்டும் பீரோவைச் சுவரிலிருந்து தள்ளிப்போடுவார். பின்னால் பூசணம் கரும்பச்சையாகப் படர்ந்திருக்கும். கார்த்திகை முடியும்வரை அவருக்கு இளைப்பு. வீட்டுக்காரரிடம் ஒரே ஒருமுறை சொன்னார். "நீங்க பொழங்குற பொழக்கம் அப்படி. இதுக்கு முன்னால இருந்தவங்க காலத்துல செவரு நல்லாத்தான இருந்துச்சு" என்றார் அவர். எங்கள் சொந்த ஊரில் எந்தத் தெரு என்று அவர் விசாரித்துத் தெரிந்துகொண்ட வாரம் அது. வேறு வீடு தேடினால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆறு வருடம் அந்த ஓதத்தோடே இருந்தோம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்ந்தால், அது அடியிலிருந்து ஏறும் ஓதம். கூரை மூலையில் வட்டம் வட்டமாகக் கறை தெரிந்தால் மொட்டைமாடி ஒழுகுகிறது. குளியலறையை ஒட்டிய சுவர் என்றால் பெரும்பாலும் குழாய்க் கசிவு. ஜன்னலை அடைத்துவிட்டு ஈரத்துணியை உள்ளே காயப்போட்டும் பூசணம் வரும். அதில் குடியிருப்பவர் பொறுப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜன்னலே இல்லாத அறையைக் கொடுத்து, மாடியில் துணி காயப்போடக் கூடாது என்றும் சொல்பவர் அதைப் பேச முடியாது.

2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் (2017) இதில் தெளிவாகவே இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை, குடியிருப்பவர் உண்டாக்கிய சேதம் நீங்கலாகக் கட்டுமானப் பழுதையும், வெள்ளையடிப்பதையும், குழாய் மாற்றுவதையும் உரிமையாளர் கணக்கில் வைக்கிறது. சாக்கடை அடைப்பு, குழாய் வாசர் போன்றவை நம் கணக்கு. அவர் மறுத்தால் நாமே செய்து, செலவை வாடகையில் கழிக்கவும் இடமுண்டு. ஆனால் அந்தச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தை எதிர்பார்க்கிறது. நம்மில் பலரிடம் இருப்பதோ வாய்ப்பேச்சும் அட்வான்ஸும். சாதி கேட்டு வீடு மறுப்பதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

2012இல் சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் டெல்லி வட்டாரத்தில் வீடு தேடிப் பார்த்தார்கள். தலித்துகளும் முஸ்லிம்களும் மறுக்கப்பட்டார்கள். வீடு கிடைத்த சிலருக்கும் கூடுதல் வாடகை, தனி நிபந்தனைகள். என் துறையில் இதை 'பாகுபாடு' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். கிடைத்த வீட்டின் சுவர் எப்படி இருந்தது என்று கேட்பது குறைவு.

இங்கிலாந்தின் ரோச்டேலில் சூடான் நாட்டுப் பெற்றோரின் குழந்தை அவாப் இஷாக், இரண்டு வயது முடிந்த எட்டாவது நாளில், 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டுப் பூசணம்தான் காரணம் என்று 2022இல் மரண விசாரணை முடிவு சொன்னது. தகப்பன் 2017இலிருந்தே முறையிட்டவர். வீட்டு நிறுவனமோ அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது. படித்தபோது எங்கள் வீட்டுக்காரரின் குரல்தான் எனக்குக் கேட்டது. அங்கே அந்தச் சாவு 2023இல் ஒரு சட்டமானது. முறையீடு வந்தால் இத்தனை நாளுக்குள் பார்த்தாக வேண்டும் என்று சமூக வீட்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது.

முறையீட்டுக் கடிதத்துக்கு ஒரு மாதிரி எழுதிவந்திருக்கிறேன். போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள். தேதி போட்டு, சுவரின் படத்தோடு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தனியாக அனுப்பத் தயக்கமாக இருந்தால், தெருவில் வாடகைக்கு இருக்கும் நாலு குடும்பம் ஒரே நாளில் அனுப்புங்கள். காலி பண்ணச் சொன்னால் என்ன செய்வது என்றுதான் அடுத்து கேட்பீர்கள். அம்மாவும் அதைத்தான் கேட்டார். அதற்கு இந்தக் கடிதம் போதாது, இங்கே இருக்கும் நாம்தான் வேண்டும். அதைப் பற்றி இப்போது நீங்கள் பேசுங்கள்.