எல்லார் பக்கமும் நியாயம் இருக்கு, சரி. அப்புறம்?

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வி. காரைக்கால் தமிழ்நாட்டுலயா இருக்கு?

பேசுற மொழி, சாப்பாடு, காவிரித் தண்ணி இதையெல்லாம் வச்சுப் பார்த்தா, ஆமா. அரசாங்கத்தை வச்சுப் பார்த்தா, இல்லை. அது புதுச்சேரி யூனியன் பிரதேசம், 1954 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சி. ரெண்டு பதிலுமே சரி. சமணத் தத்துவத்துல இதுக்கு ஒரு சொல் இருக்கு: 'ஸ்யாத்', அதாவது 'ஒரு வகையில்'. உண்மைக்குப் பல பக்கம் உண்டுங்கிறதுதான் அநேகாந்தவாதம்.

ஹார்வர்டுல வில்லியம் பெரின்னு ஒருத்தர். கல்லூரி மாணவர்களை வருஷா வருஷம் பேட்டி எடுத்து 1970-ல ஒரு புத்தகம் போட்டார். அவர் சொன்னதோட சுருக்கம் இது. முதல்ல எல்லாமே சரி இல்லன்னா தப்பு, விடை வாத்தியார்கிட்ட இருக்கு. அடுத்து, 'ஆளுக்கொரு கருத்து, எல்லாம் ஒண்ணுதான்.' அப்புறம், எந்தக் கருத்துக்கு ஆதாரம் பலமா இருக்குன்னு எடை போடப் பழகுறாங்க. கடைசியா, நூறு சதவீத நிச்சயம் கிடைக்காதுன்னு தெரிஞ்சே ஒரு பக்கம் நின்னு, அதுக்குப் பொறுப்பும் ஏத்துக்குறாங்க.

நம்மள்ல நிறைய பேர் ரெண்டாவது படியிலேயே செட்டில் ஆயிடுறோம். கேட்டா, அதுதான் அநேகாந்தம்னு சொல்லிடுறோம்.

2020-ல தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி சட்டம் போட்டுச்சு. புதுசா எண்ணெய், எரிவாயு எடுக்க அதுல தடை. நாகப்பட்டினம் வயலுக்கு அது பொருந்தும். பக்கத்துலயே இருக்கிற காரைக்கால் வயலுக்குப் பொருந்தாது, ஏன்னா அது வேற அரசு. அதே காரைக்கால்ல, நிரவியில ஓ.என்.ஜி.சி. இருக்கு. என்.ஐ.டி.யும் இருக்கு. அங்க படிக்கிற ஒருத்தருக்கு வேலையும் வேணும், வயலும் கண்ணுக்குத் தெரியுது.

'விவசாயி பக்கமும் நியாயம், கம்பெனி பக்கமும் நியாயம்'னு சொல்றது நல்ல தொடக்கம். ஆனா அதுக்கப்புறம் கேக்க வேண்டியது நிறைய இருக்கு. நிலத்தடி நீருக்கு என்ன ஆகும்? லாபம் யாருக்கு? குழாய் உடைஞ்சா நஷ்டம் யார் தலையில? இதையெல்லாம் விசாரிச்ச பிறகும் 'ஆளுக்கொரு கருத்து'ன்னா, அது நழுவல்.

ஐஞ்சிறுகாப்பியங்கள்ல ஒண்ணான நீலகேசியைப் பாருங்க. சமணக் காப்பியம்தான். அதுல நீலகேசி ஊர் ஊரா போய், பௌத்தர், ஆசீவகர்னு ஒவ்வொருத்தரோட வாதத்தையும் கேட்டு, பதில் சொல்லி, தன் பக்கத்தை நிறுவுறா. பல கோணம் தெரிஞ்சவங்க வாயை மூடிக்கணும்னு சமணமே சொல்லலை.

இந்த வாரம் ஒரு விஷயத்துல உங்க நிலைப்பாட்டை எழுதுங்க. கீழேயே இன்னொரு வரி: 'எந்த ஆதாரம் வந்தா இதை மாத்திக்குவேன்?' அந்த ரெண்டாவது வரிதான் உங்க 'ஸ்யாத்'.