பணம் யாருடையது? ‘வெட்டாட்டம்’ நாவலும் வாசகர் கருத்துக்களும்



பதவியும் பணமும் கதைப்பொருளாக அமைந்த தமிழ் நாவல் ஒன்றைப் படித்தவர்கள் அதைப் பற்றி என்ன கருதுகிறார்கள் என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம். நாவல், ஷான் கருப்பசாமி எழுதிய ‘வெட்டாட்டம்’. கருத்துரைத்தவர்கள் பெயர்பெற்ற திறனாய்வாளர்கள் அல்லர். சூளூர்பேட்டையில் வாழும் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த வாசகர்கள். நாங்களும் அவர்களுள் அடங்குவோம்.

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், தமிழ்நாட்டின் எல்லையைத் தாண்டிச் சிறிது தொலைவில், காளங்கி ஆற்றங்கரையில் உள்ளது சூளூர்பேட்டை. கிழக்கே பழவேற்காடு ஏரி. அதற்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. 1971இல் அங்கே ராக்கெட்டுகள் ஏவத் தொடங்கியபின், பணியை நாடி இப்பகுதிக்கு வந்த பல மொழியினருள் தமிழரும் உண்டு. நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. எங்களுக்கு வாக்குரிமை ஆந்திரத்தில். நாங்கள் படிக்கும் கதை நடப்பதோ தமிழ்நாட்டில். வெளிமாநிலத் தமிழர் பலருக்கும் பொதுவான இந்நிலை, அரசியல் நாவலைப் படிப்பதற்கு இடையூறன்று. ஆடுகிறவனைவிடத் திண்ணையில் அமர்ந்து பார்ப்பவனுக்கு ஆட்டத்தின் போக்கு தெளிவாகத் தெரியும் அன்றோ?

கதையின் கருவைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதலமைச்சர் ஒருவர் வழக்கில் சிக்குகிறார். நாற்காலியைக் கட்சிக்காரர் எவரிடமும் ஒப்படைக்க மனமின்றி, அரசியலில் நாட்டமே இல்லாத தம் மகனை அதில் அமர்த்துகிறார். சில நாளைக்கு என்று தொடங்கிய பொம்மைப் பதவி மெய்யான பதவியாகிவிடுகிறது. மறுபுறம், அயல்நாடுகளில் மறைத்து வைக்கப்பட்ட பெரும்பணம் கதையை இயக்குகிறது. இதற்குமேல் சொல்வது, இனிப் படிக்கவிருப்போருக்கு நாம் செய்யும் தீங்காகும். தாயத்திலும் சதுரங்கத்திலும் எதிரியின் காயை வெட்டுவது ஆட்டத்தின் உயிர். நாவலின் பெயர் அதனை நினைவூட்டுவதாகவே எங்களுக்குத் தோன்றியது.

இக்கதையைத் தழுவி ஆனந்த் சங்கர் இயக்கிய ‘நோட்டா’ என்னும் திரைப்படம் 2018 அக்டோபர் 5 அன்று தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்தது. தெலுங்கு நடிகர் விஜய் தேவரகொண்டா அதில் நாயகர். ஆகவே எங்கள் அண்டை வீட்டார்க்குப் படம் தெரியும்; அதன் பின்னே ஒரு தமிழ் நாவல் உண்டென்பது தெரியாது. அவர்களுக்கு அதனைச் சொல்லும் மகிழ்ச்சி எங்களுக்கு வாய்த்தது.

இனி, கருத்துக்களைக் காண்போம்.

முதற்குறை, ‘இது நடக்கக் கூடியதா?’ என்பது. அரசியல் அரிச்சுவடி அறியாத ஒருவர் ஒரே நாளில் முதலமைச்சர் ஆவது கதைக்காக வலிந்து புனைந்தது என்றார் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். இதற்கு விடை நாட்டின் அண்மை வரலாற்றிலேயே உள்ளது. மாட்டுத்தீவன ஊழல் வழக்கில் கைதாகும் நிலை நேர்ந்தபோது, பீகார் முதலமைச்சர் லாலு பிரசாத் 1997 ஜூலையில் பதவி விலகினார். அடுத்து அப்பதவியை ஏற்றவர் அதுவரை இல்லறத்தோடு நின்றிருந்த அவர் மனைவி ராப்ரி தேவி. அவர் சில நாளில் விலகிவிடவில்லை. பின்னும் இருமுறை முதலமைச்சரானார். ஆசிரியர் இதனைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்படியானால் நாவலாசிரியர் கற்பனையில் சிக்கனம் காட்டியிருக்கிறார்” என்றார்.

இரண்டாவது கருத்து இதற்கு நேர்மாறானது. ‘எல்லாம் செய்தித்தாளில் படித்தவைதாமே! இந்தப் பாத்திரம் இன்னார், அந்தப் பாத்திரம் அன்னார்’ என்று அடையாளம் காட்டுவதில் சிலர் பேரின்பம் கண்டனர். இளைஞர்களுக்கு இது ஒரு விடுகதை போலவே ஆயிற்று. இதனை நாங்கள் முற்றிலும் ஒதுக்கவில்லை. நாட்டு நடப்பை நினைவூட்டாத அரசியல் நாவல் உயிரற்றது. ஆயினும் முகமூடியைக் கழற்றிப் பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் படிப்பு முடிந்துவிட்டதாக எண்ணுவது பிழை. பெயரைக் கண்டவுடன் நமக்குப் பிடித்த கட்சிக்கு ஒரு நீதி, பிடிக்காத கட்சிக்கு ஒரு நீதி என்று மனம் சாய்ந்துவிடுகிறது. நாவல் காட்டும் நோய் எக்கட்சியிலும் எம்மாநிலத்திலும் தோன்றக் கூடியது என்பதை அப்போது மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது குறையே எங்களை மிகுதியாகச் சிந்திக்க வைத்தது. ‘அரசியல் பகுதி விறுவிறுப்பாகச் செல்கிறது. பணத்தைப் பற்றிய பகுதி புரியவில்லை. பக்கங்களைத் தள்ளிவிட்டோம்’ என்றனர் பலர். எங்கள் கூட்டத்தில் வங்கியில் பணிபுரியும் அம்மையார் ஒருவர் இருந்தார். அவர் ஒரு தாளை எடுத்து நான்கு கட்டங்களை வரைந்து விளக்கினார். அதனை நேயர்களுக்கும் தருகிறோம்.

முதற்கட்டம், கையூட்டாகவோ வரி ஏய்த்தோ சேர்த்த பணம். அதனை வெளிப்படையாகச் செலவிட இயலாது. எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். இரண்டாம் கட்டம், பணத்தை நாட்டைவிட்டு வெளியேற்றுதல். பத்து இலட்ச ரூபாய்ச் சரக்கை நூறு இலட்சத்துக்கு இறக்குமதி செய்ததாகப் பட்டியல் எழுதினால், தொண்ணூறு இலட்சம் முறையான வணிகம் போலவே கடல் கடந்துவிடும். மூன்றாம் கட்டம், வரி இல்லாத, அல்லது பெயரளவுக்கே வரியுள்ள ஒரு சிறு நாட்டில் ஒரு நிறுவனம். அதற்கு ஆலை இல்லை, சரக்கு இல்லை, பணியாளர் இல்லை. ஒரு முகவரியும் கூலிக்குக் கையொப்பமிடும் இயக்குநர்களும் உண்டு. உடையவர் பெயர் ஏட்டில் இராது. நம் ஊரில் பினாமி என்கிறோமே, அதன் பன்னாட்டு வடிவம் இது. நான்காம் கட்டம், அந்நிறுவனத்தின் பணமே அயல்நாட்டு முதலீடு என்னும் நல்ல பெயருடன் தாய்நாட்டுக்குத் திரும்பி வருதல். கறுப்பாகச் சென்றது வெள்ளையாக வீடு சேர்கிறது.

இது நாவலாசிரியர் கண்ட கனவன்று. பனாமா நாட்டு ‘மொசாக் பொன்சேகா’ என்னும் சட்ட நிறுவனத்தின் 1 கோடியே 15 இலட்சம் ஆவணங்கள் ஜெர்மானியச் செய்தித்தாள் ஒன்றுக்குக் கிடைத்தன. பல நாட்டுச் செய்தியாளர்கள் ஒன்றுகூடி அவற்றை ஆராய்ந்து, 2016 ஏப்ரலில் வெளியிட்டனர். இந்தியாவிலிருந்து ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ அப்பணியில் பங்கு கொண்டது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தகைய நிறுவனங்களின் விவரம் அவ்வாவணங்களில் இருந்தது. ஐஸ்லாந்தின் பிரதமர் அதே மாதத்தில் பதவியிழந்தார். பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீபை 2017 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தகுதி நீக்கியதும் இவ்வெளியீட்டைத் தொடர்ந்து எழுந்த வழக்கிலேதான். அயல்நாட்டில் நிறுவனம் வைத்திருப்பது மட்டுமே குற்றமாகாது என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். உடையவர் யார், பணம் எவ்வாறு வந்தது என்பதை மறைப்பதில்தான் குற்றம் தொடங்குகிறது.

நான்கு கட்டங்களும் விளங்கியபின், தள்ளிய பக்கங்களை எங்களுள் பலர் மீண்டும் எடுத்துப் படித்தனர். பணம் செல்லும் வழி தெரிந்தபோதுதான் பாத்திரங்களின் அச்சமும் ஆசையும் தெரிந்தன என்று அவர்கள் ஒப்புக் கொண்டனர்.

பணக் கணக்கு பொதுமக்களுக்கு விளங்காது என்று கருதுவோருக்கு ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறோம். 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்னும் வணிகரின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. அவற்றின் நிலையோ நன்றாக இல்லை. ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தியே இதனை மக்களவையில் எழுப்பினார். நீதிபதி சாக்ளா 1958இல் பம்பாயில் வெளிப்படையாக விசாரணை நடத்தினார். மக்கள் திரண்டு வந்தமையால், உள்ளே நடப்பதை வெளியே நிற்பவரும் கேட்க ஒலிபெருக்கிகள் வைக்க வேண்டியதாயிற்று. நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பங்குச் சந்தையைக் கண்டறியாத மக்கள் அன்று கால்கடுக்க நின்று கேட்டதற்குக் காரணம் என்ன? அது தாங்கள் காப்பீட்டுக்குக் கட்டிய பணம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். தன் பணம் என்று தெரிந்துவிட்டால் எந்தக் கணக்கும் கடினமன்று.

இங்கிருந்தே நான்காவது கருத்து பிறந்தது. மளிகைக் கடை நடத்தும் முதியவர் ஒருவர் சொன்னார்: “இத்தகைய கதைகளில் ஆயிரங்கோடிகள் பறக்கின்றன. அமைச்சர் வருகிறார், சாமியார் வருகிறார், தொழிலதிபர் வருகிறார். பணத்தைப் பறிகொடுத்தவன் எங்கே? அவன் வீட்டில் அன்று உலை வைத்தார்களா என்று எந்த நாவலாவது சொல்கிறதா?”

இக்கேள்விக்கு எங்களால் உடனே விடை கூற இயலவில்லை. பனாமா வரை செல்ல வேண்டுவதில்லை. ஆந்திரத்திலேயே சான்று உண்டு. விஜயவாடாவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘அக்ரி கோல்டு’ நிறுவனம், மனை தருவதாகவும் முதிர்வில் பெருந்தொகை தருவதாகவும் சொல்லி, பல மாநிலங்களில் பல இலட்சம் மக்களிடம் வைப்புத்தொகை திரட்டியது. சில ஆயிரங்கள், சில பத்தாயிரங்கள் எனக் கட்டிய எளியோரே அவர்களுள் மிகுதி. 2015க்குள் நிறுவனம் முடங்கி வழக்கானது. பத்தாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட தொகை கட்டியோருக்கு மாநில அரசு 2019இலும், இருபதாயிரத்துக்கு உட்பட்டோருக்கு 2021இலும் பணம் வழங்கத் தொடங்கியது. அரசு கொடுத்த அப்பணமும் மக்களின் வரிப்பணமே அன்றோ? ஒருவன் பையிலிருந்து போனதை ஊரார் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க நேர்ந்தது.

முதியவர் சொன்னது இவ்வகை நாவல்கள் அனைத்துக்கும் பொருந்தும் குறை என்றே நாங்கள் கருதுகிறோம். விறுவிறுப்பான கதை, துரத்துகிறவனையும் ஓடுகிறவனையும் பற்றிப் பேசும். பறிகொடுத்தவன் நின்ற இடத்திலேயே நிற்பதால் கதையின் வேகத்துக்கு அவன் உதவான். ஆயினும் அவனே இக்கதைகளின் மெய்யான உரிமையாளன். அவனுக்கும் சில பக்கங்கள் ஒதுக்கும் நாவலாசிரியரைத் தமிழ் எதிர்பார்த்திருக்கிறது.

நடையைப் பற்றியும் ஒரு சொல். ஆழம் போதாது, வேகமே மிகுதி என்றனர் மூத்தோர். வேகம் இருந்ததனால்தான் படித்து முடித்தோம் என்றனர் இளையோர். தெலுங்கு வழிப் பள்ளியில் பயின்று, தமிழை வீட்டில் எழுத்துக் கூட்டிக் கற்ற பிள்ளைகள் முந்நூறு பக்கத் தமிழ் நாவல்களைப் பாதியில் வைத்துவிடுவதே எங்கள் ஊர் வழக்கம். இதனை அவர்கள் முடித்தார்கள்; முடித்ததோடு பெரியோருடன் சரிக்குச் சரியாக வாதிட்டார்கள். வெளிமாநிலத்தில் தமிழ் வளர்ப்போருக்கு இது சிறிய ஊதியமன்று.

‘வெட்டாட்டம்’ பேரிலக்கியமா என்னும் வினாவுக்கு எங்களிடையே ஒருமித்த விடை இல்லை. ஆனால் ஒரு முடிவில் அனைவரும் ஒன்றுபட்டோம். பதவியையும் பணத்தையும் பற்றிய நாவலுக்கு ஓர் எளிய உரைகல் உண்டு. அதனைப் படித்து மூடியபின், மறுநாள் காலைச் செய்தித்தாளில் நாம் வழக்கமாகப் புரட்டிச் செல்லும் வணிகப் பக்கத்தில் கண் நிற்க வேண்டும். இத்தனை கோடி முதலீடு, இத்தனை கோடி தள்ளுபடி என்று படிக்கும்போது, ‘இந்தப் பணம் யாருடையது?’ என்று கேட்கத் தோன்ற வேண்டும். எங்களுள் பலருக்கு அது தோன்றியது.

பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ் அன்பர்கள், தத்தம் ஊரில் நான்கு பேர் கூடி இத்தகைய நூல் ஒன்றைப் படித்து வாதிட்டுப் பார்க்க வேண்டுகிறோம். கூட்டத்தில் கணக்கு அறிந்தவர் ஒருவரும், கடை வைத்திருப்பவர் ஒருவரும் இருந்தால் நலம்.