மாரிக்கு முன் பூச்சாடிகள்

யாழ்ப்பாணத்திலே மாரி மழை ஐப்பசியில் வலுக்கும். கோடையில் வாடிய முற்றத்துப் பூச்சாடிகளைச் செலவின்றிப் புதுப்பித்தற்குப் புரட்டாதியே ஏற்ற காலம்.

இறுகிய மண்ணைக் கொட்டி உதிர்த்து, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உக்கிய மாட்டெருவும் சிறிது மணலும் கலத்தல் வேண்டும். அடித்துவாரம் அடைபட்டிருப்பின் திறத்தல் வேண்டும். நீர் தேங்கினால் வேர் மூச்சின்றி அழுகிவிடும். புதுச் செடியும் வாங்கவேண்டியதில்லை. அயல்வீட்டுக் குரோட்டனிற் சாணளவு தண்டொன்றை வெட்டி நட்டால், மழையீரத்தில் அது வேர்கொள்ளும்.

சாடியின் கீழுள்ள தட்டையும் மறத்தலாகாது. அதில் தேங்கும் நீரின் ஓரத்திலே டெங்கு நுளம்பு முட்டையிடும். அம்முட்டைகள் உலர்ந்தும் பல மாதங்கள் உயிர்தாங்கும். ஆதலால் நீரைக் கொட்டுதல் மாத்திரம் போதாது. கிழமைக்கொருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். மாரி முடியும்வரை தட்டை அகற்றிவிடுதல் அதனினும் நன்று. முற்றத்தின் அழகு வீட்டுப் பிள்ளைகளுக்கு நோயாக முடிதல் தகாது.