சிறுதொழில் மகளிரும் கேள்விச் செல்வமும்



மும்பையின் ஹார்பர் இருப்புப் பாதையில் செம்பூரைக் கடந்தால் அடுத்து வரும் நிலையம் கோவண்டி. பகலில் அங்கு இறங்குவோர்க்கு நெரிசல் ஒன்றே கண்ணில் படும். விடியற்காலை மூன்று மணிக்கு அவ்வூர்ச் சந்துகளில் நடந்து பார்ப்பவர்க்கோ வேறொரு காட்சி உண்டு. பத்தடிக்குப் பத்தடி அறையொன்றில் விளக்கு எரியும், கிரைண்டர் ஓடும், இட்லிக் கொப்பரையிலிருந்து ஆவி எழும். அடுத்த அறையில் இரவெல்லாம் தைத்து முடித்த ஆடைகளின் நூற்பிசிறுகளைத் தாயும் மகளும் கத்தரித்துக் கொண்டிருப்பர். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இத்தகைய தமிழ்ப் பெண்கள் பலர் உளர். இவர்களைத் தொழிலதிபர் என்று எவரும் அழைப்பதில்லை. ஆயினும் முதல் போடுவதும், சரக்கு வாங்குவதும், விலை வைப்பதும், இழப்பைத் தாங்குவதும் இவர்களே. தொழிலின் உரிமை என்பது இதுவன்றி வேறென்ன?

இத்தகைய மகளிர்க்கு ஊக்கம் தரும் நூல்கள் யாவை, செவிக்குரிய பேச்சுகள் யாவை, பாடங்கள் யாவை என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். ஊக்கம் என்னும் சொல்லை இந்நாளில் சற்று மலிவாகவே வழங்குகிறோம். எவரோ ஒருவர் கோடி ஈட்டிய கதையைக் கேட்டு நெஞ்சு விம்முகிறது. மறுநாள் காலையில் அவ்விம்மல் அடங்கிவிடுகிறது. இதனை நான் ஓர் இட்லிக்காரியிடம் கற்றேன்.

கோவண்டியில் தமிழ் மகளிர்க்கென நடந்த மாலை வகுப்பொன்றில் சில காலம் நான் பாடம் சொல்லி வந்தேன். நெல்லைச் சீமையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மையார் ஒருவர் அவ்வகுப்பில் இருந்தார். நாள்தோறும் இருநூறு இட்லி விற்பவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவே. முதல் நாள், தொழிலில் உயர்ந்த பெருமாட்டிகளின் வரலாறு கூறும் நூலொன்றைப் படித்துக் காட்டினேன். அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டார். பின்னர், "டீச்சரம்மா, அந்த அம்மா உளுந்து என்ன விலைக்கு வாங்கினாங்கன்னு இதுல போட்டிருக்கா?" என்று வினவினார். போட்டிருக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவருடைய கணக்கையே கரும்பலகையில் எழுதத் தொடங்கினோம்.

நான்கு இட்லி இருபது ரூபாய். ஆகவே இருநூறு இட்லிக்கு ஆயிரம் ரூபாய். அன்றைய விலைவாசியில் அரிசி 180, உளுந்து 140, தேங்காய் 120, சாம்பாருக்குப் பருப்பும் காயும் 140, எண்ணெயும் தாளிதமும் 60, எரிவாயு 100, தட்டும் தாளும் 40. ஆகக் கூடிய செலவு 780 ரூபாய். எஞ்சியது 220. அதிலும் 100 ரூபாய் நாள்தோறும் தண்டல்காரருக்குப் போயிற்று. முன்மாலை மாவரைப்பதில் தொடங்கி மறுநாள் முற்பகல் வரை உழைத்ததற்கு அவர் கையில் நின்றது 120 ரூபாய். தமக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் வருமானம் என்று எண்ணியிருந்தவர், பலகையையே பார்த்துக் கொண்டிருந்தார்.

தண்டல் என்பது யாதென்று அறியாத நேயர்க்காக ஒரு சொல். பத்தாயிரம் என்று பேசி, ஆயிரத்தை முன்னதாகவே பிடித்துக்கொண்டு, ஒன்பதாயிரம் கையில் தருவர். நாளைக்கு நூறாக நூறு நாள் வசூலிப்பர். வாங்குபவர் இதனை நூற்றுக்குப் பத்து வட்டி என்றே கருதுகிறார். ஆனால் ஐம்பதாம் நாளில் ஐயாயிரம் ரூபாய் திருப்பித் தரப்பட்டுவிடுகிறது. பிடித்த வட்டியோ முழுத் தொகைக்கும் நூறு நாளைக்கும் உரியது. ஆண்டுக் கணக்காக்கினால் இது ஏறத்தாழ 78 விழுக்காடு ஆகும். அம்மையார் அந்த வாரமே பெரிய கிரைண்டர் வாங்குவதற்கு இரண்டாவது தண்டல் எடுக்கவிருந்தார். எடுத்திருந்தால் மிஞ்சிய 120 ரூபாயில் இன்னொரு நூறும் போயிருக்கும். இருபது ரூபாய்க்கு அவர் விடிய விடிய நின்றிருப்பார். தெரு வணிகர்க்கென நடுவணரசு 2020-ஆம் ஆண்டு தொடங்கிய கடன் திட்டத்தில் முதற்கடனாக வைத்த தொகையும் இதே பத்தாயிரந்தான். ஒழுங்காகக் கட்டுவோர்க்கு வட்டியில் ஏழு விழுக்காடு மானியமும் உண்டு. அதற்குத் தெரு வணிகர் என்னும் சான்றோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும் என்பதை அவர் அன்றுதான் அறிந்தார்.

இதன் பின்னர், விலையும் அளவும் சொல்லும் வரலாறுகளைத் தேடலானேன். நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. இதே மும்பையின் கிர்காம் பகுதியில் 1959-ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று, குஜராத்திப் பெண்கள் எழுவர் 80 ரூபாய் கடன் பெற்று மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அவர்களுள் ஒருவர். முதல் நாள் ஆனவை நான்கே கட்டுகள். முதலாண்டு விற்பனை 6,196 ரூபாய். அந்நிறுவனமே பின்னாளில் லிஜ்ஜத் என்று நாடெங்கும் பெயர் பெற்றது; ஜஸ்வந்திபென்னுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

இவ்வரலாற்றில் என் வகுப்பினர் விருதைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்டது மழைக்காலத்துச் செய்தியை. முதலாண்டில் மழையினால் அப்பளம் உலரவில்லை. நான்கு மாதம் தொழில் நின்றது. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினர். கட்டிலின் மேல் அப்பளம், கீழே அடுப்பு. மழை அதன் பாட்டுக்குப் பெய்தது. ஜூன் மாதத்தில் வடகத்தை எங்கே காயப்போடுவது என்று தவிக்கும் கோவண்டிப் பெண்ணுக்கு நூறு பொன்மொழிகளைவிட இந்தக் கட்டில் பெரிது. இன்னொன்றும் அவர்களைக் கவர்ந்தது. தொடக்கத்தில் எழுவரும் விலை குறைந்த இரண்டாந்தர அப்பளமும் செய்ய எண்ணினர். வழிகாட்டியாயிருந்த சகன்லால் கரம்சி பரேக் என்னும் பெரியவர், ஒரே தரம், அதுவும் நல்ல தரம் என்று அறிவுறுத்தினார். கணக்கை ஒழுங்காக எழுதவும் அவரே வற்புறுத்தினார். நன்கொடை வாங்குவதில்லை என்பதும் அப்பெண்கள் தொடக்கத்திலேயே மேற்கொண்ட முடிவு.

நிற்க. எழுத்தறியாதவர்க்குக் கணக்கு வருமா என்று ஐயுறுவோர் உண்டு. அவர்கள் சாத்தாரா மாவட்டத்து மஸ்வட் என்னும் வறண்ட ஊரின் செய்தியை அறிதல் நன்று. மும்பையில் பிறந்து அவ்வூரில் குடியேறிய சேத்னா கலா சின்ஹா, உழைக்கும் பெண்களுக்கென ஒரு வங்கி தொடங்க விண்ணப்பித்தார். கையொப்பமிட வேண்டியவர்களில் பலர் கைநாட்டு வைத்திருந்தமையால் ரிசர்வ் வங்கி அதனை ஏற்கவில்லை. சில மாதங்களில் அப்பெண்கள் சிறிது எழுத்துக் கற்றுத் திரும்பிச் சென்றனர். எங்களுக்குப் படிக்கத் தெரியாதிருக்கலாம், எண்ணத் தெரியும் என்றனர். எந்தத் தொகைக்கும் வட்டி சொல்கிறோம், உங்கள் அலுவலர் கருவியின்றிச் சொல்லட்டும் என்று அறைகூவினர். 1997-இல் மாண்தேசி மகளிர் வங்கி தோன்றிற்று. பின்னர் அவர்கள் வணிகப் பள்ளியொன்றை ஏற்படுத்தினர். பேருந்தொன்றிலும் வகுப்பு வைத்து ஊர் ஊராய்ச் சென்றனர். சமுதாய வானொலி நிலையமும் நிறுவினர். இக்கதையைச் சொன்ன அன்று எங்கள் அம்மையார் தண்டல்காரரின் வட்டியைத் தாமே மனத்தால் போட்டுக் காட்டினார். வகுப்பு முழுதும் கைதட்டியது.

குஜராத்தின் அகமதாபாதிலும் இத்தகையதொரு செயல் முன்னரே நிகழ்ந்தது. சேவா அமைப்பைச் சேர்ந்த நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு 1974-இல் தம் வங்கியை உண்டாக்கினர். அதனை முன்னின்று நடத்திய இலா பட், 'வீ ஆர் புவர் பட் ஸோ மெனி' என்னும் தம் நூலில் கந்தல் பொறுக்குவோர், துணி வணிகர், கைவினைஞர் ஆகியோரின் தொழில்முறையை விரித்துரைக்கிறார். ஆங்கில நூலாதலின், அறிந்தோர் ஒருவர் படித்துத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லத் தக்க நூலே.

தமிழில் ஒரு நூலை மட்டும் குறிப்பிடுவேன். 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட 'சமைத்துப் பார்'. சமையல் நூல் வணிகத்திற்கு எவ்வாறு உதவும் என்று கேட்கலாம். ஊறுகாய் விற்கும் பெண்ணுக்கு முதற்பகை, நேற்றைய சுவை இன்று வாராமை. கைப்பக்குவம் என்று நாம் பெருமையாகச் சொல்வது, அவள் காய்ச்சலில் படுத்த அன்று கடையை மூடிவிடுகிறது. அளவை எழுதி வைத்தவளுக்கோ மகளும் அண்டைவீட்டாளும் கைகொடுக்க முடியும். தன் கையிலுள்ளதைத் தாளில் இறக்கிவைக்கும் துணிவை அந்நூல் தருகிறது.

இனிக் கேள்விக்கு வருவோம். வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களுக்கு அடுத்தபடியாகவே கேள்வி என்னும் அதிகாரத்தை வகுத்தார். படிக்க இயலாதவர்க்கும் கேட்கும் வழி அடைபடவில்லை என்பது அவர் கருத்து. கோவண்டிப் பெண்ணின் நாளை எண்ணிப் பாருங்கள். மாவு கரைக்கையில் கைக்கும் கண்ணுக்கும் வேலை உண்டு, தையலிலும் அவ்வாறே. செவி ஒன்றே வேலையற்றிருக்கிறது. பாட்காஸ்ட் என வழங்கும் வலையொலி இவ்வேளைக்கென்றே பிறந்தது போலும். கைப்பேசியை அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டால் போதும். வேண்டும்போது நிறுத்தலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வானொலியில் பேசும் எனக்கு இதில் சற்றுப் பொறாமையே.

கய் ராஸ் என்னும் அமெரிக்கர் 2016 முதல் நடத்திவரும் 'ஹௌ ஐ பில்ட் திஸ்' என்னும் ஒலித்தொடரில் முதலில் பேசியவர் சாரா பிளேக்லி. தம் சேமிப்பான 5,000 டாலரைக் கொண்டு உள்ளாடைத் தொழில் தொடங்கியவர். அதற்குமுன் வீடு வீடாகவும் கடை கடையாகவும் ஃபாக்ஸ் கருவி விற்றவர். இதனைத் தமிழில் எடுத்துச் சொன்னபோது, கதவு சாத்தப்பட்ட பகுதியை எங்கள் பெண்கள் நன்கு சுவைத்தனர். கோடிகள் வந்த பகுதியில் ஒருவர் கொட்டாவி விட்டார். அவ்வம்மையாரை நான் குறைகூற மாட்டேன். இத்தகைய தொடர்களில் வென்றவரே பேசுகின்றனர். அதே முயற்சியில் வீழ்ந்தவர் ஒலிவாங்கியின் முன் அமர்வதில்லை. கேட்போர் இதனை மனத்தில் இருத்தியே கேட்கவேண்டும்.

ஆகவே எங்கள் வகுப்பில் ஒரு வழக்கத்தை மேற்கொண்டோம். வாரந்தோறும் ஒருவர் தம் தொழிலைப் பற்றிப் பத்து நிமிடம் கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்து ஏனையோர்க்கு அனுப்புவார். நிபந்தனைகள் இரண்டு: வாங்கிய விலை, விற்ற விலை இரண்டையும் சொல்ல வேண்டும், நட்டம் வந்த நாள் ஒன்றையேனும் சொல்ல வேண்டும். பூ விற்பவர், மாலையில் மிஞ்சும் மல்லிகையைப் பற்றிப் பேசினார். தையற்காரி, கடனாகத் தைத்துக் கொடுத்த பள்ளிச் சீருடைகளைப் பற்றிப் பேசினார். பேசும்போதே குரல் தழுதழுத்தது, பதிவை நிறுத்தவில்லை.

இட்லி அம்மையாரின் முறை ஐந்தாம் வாரம் வந்தது. இரண்டாவது தண்டலை அவர் எடுக்கவில்லை. முதல் தண்டல் தீர்ந்த நாளில் பேசினார். நான்கு இட்லியை இருபத்தைந்து ரூபாயாக்கியதையும், அதனால் முதல் வாரத்தில் வாடிக்கையாளர் சிலர் போய்விட்டதையும், நாளைக்கு இருநூறு என்பது நூற்றெழுபதாகக் குறைந்ததையும், ஆயினும் வரவு ஆயிரத்துக்குக் கீழே இறங்காததையும் ஒளிக்காமல் சொன்னார். பதிவின் இறுதியில், பின்னணியில் கிரைண்டரின் ஓசை கேட்கிறது. பழைய கிரைண்டர்தான். "மாவு ஆயிட்டு, வச்சிடுதேன்" என்பதோடு அது முடிகிறது.