ராஜா என்ற பெயர்



இக்குழந்தைக்கு ராஜா என்று பெயர் வைக்கும்படி பெற்றோர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள்; வைத்தாய்விட்டது. ஆனால் ஒரு தோழர், "அரசர்களே ஒழிந்த காலத்தில் வடமொழியில் ராஜா என்று எதற்குப் பெயர்?" என்று சீட்டு அனுப்பியிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

அது வடமொழிச் சொல்லே. அதன் வேருக்கு ஆளுதல், விளங்குதல் என்று பொருள். இலத்தீனில் அரசனைக் குறிக்கும் ரெக்ஸ் என்பதும் அதற்கு உடன்பிறப்பு. மக்களை மகிழ்விப்பவனே ராஜா என்று புலவர்கள் பொருள் சொன்னது, ராஜாக்களை மகிழ்விக்கவே ஒழிய வேறில்லை. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய சோழனுக்குங்கூட ராஜராஜன் என்பது பிறந்தபோது வைத்த பெயரல்ல. அருள்மொழி என்பவர் 985-ல் பட்டத்துக்கு வந்த பின் கொண்ட பெயரே அது.

ஆனால் நமக்கு முக்கியம் வேறு. மனுதர்ம சாஸ்திரத்தின் இரண்டாவது அத்தியாயம், பார்ப்பானுக்கு மங்களமும், க்ஷத்திரியனுக்குப் பலமும், வைசியனுக்குப் பொருளும், சூத்திரனுக்கு இழிவும் தோன்றப் பெயர் வைக்கவேண்டும் என்கிறது. பெயருக்குச் சட்டம் செய்தவன் சூத்திரனின் சோற்றுக்குச் சட்டம் செய்தானா?

குப்பன், பிச்சை என்பவையெல்லாம் சாஸ்திரத்தால் வந்தவையல்ல, பிறந்த குழந்தைகள் செத்துச் செத்துப்போன பயத்தால் வைத்தவை என்று சிலர் சொல்லலாம். அதிலும் உண்மை உண்டு. அப்பயம் பண்ணையார் வீட்டிலும் இருந்தது. ஆனால் அவ்வீட்டுப் பிள்ளை குப்புசாமி அய்யா ஆனான். பண்ணையாள் பிள்ளை நரைத்த பிறகும் 'அடே குப்பா' தானே? ஆகவே இழிவு பெயரில் பாதி, கூப்பிடுகிறவன் வாயில் பாதி. தாய்மார்களோ எந்தச் சாஸ்திரத்தையும் கேளாமல், கூழ் ஊட்டும்போதே "என் ராசா" என்றுதான் கொஞ்சினார்கள். ராஜேந்திரன், ராஜமாணிக்கம், செல்வராஜ் என்று அது எல்லா ஜாதியிலும் பரவிவிட்டது.

அரசர்கள் ஒழிந்ததும் உண்மையே. சமஸ்தான மன்னர்களுக்கிருந்த அங்கீகாரமும் மானியமும் 1971-ல் அரசியல் சட்டத் திருத்தத்தால் போயின. இனி ராஜாக்களைப் பெட்டிக்கடையிலும் லாரிப் பட்டறையிலும்தான் பார்க்கலாம். நமக்கு அதில் வருத்தமில்லை. அழகான தமிழ்ப் பெயர் வைப்பவர்களை நாம் இன்னும் அதிகமாய்ப் பாராட்டுவோம். என்றாலும் மனு மறுத்ததை ஒரு கூலிக்காரர் எடுத்துக்கொண்டால் தடுக்கமாட்டோம்.

பெற்றோர்களுக்கு ஒன்று. இப்பெயரால் அதிர்ஷ்டம் வராது. எழுத்தைக் கூட்டிக் கழிக்கும் சோதிடனுக்குக் காசு கொடுக்காதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். அப்போது பெயர் எழுதாதிருந்தால், பதிவான நாள் முதல் ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். நாளைக்கே போய், ராஜா என்று முழுதாக எழுதியிருக்கிறார்களா என்று பார்த்து வாங்கி வாருங்கள்.