தாய் ஒருத்தி தாங்கும் குடும்பமும் நம் கடமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கத்தின் துணையால் பட்டம் பெற்றோரின் பட்டியலைச் செயலாளர் அவர்கள் சற்று முன் படித்தார்கள். அவை மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் அப்பட்டியலில் இடம்பெறாமற் போன பெயர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். ஒன்பதாம் வகுப்போடு நின்றவர்கள், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதாமலே செங்கற்சூளைக்குச் சென்றவர்கள், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே தங்கிவிட்ட பெண் பிள்ளைகள் ஆகியோர் பெயர்கள் அவை. வருகைப் பதிவேட்டோடு வாழ்ந்துவரும் நாம் அறிந்த உண்மை ஒன்று உண்டு. இவ்வாறு நின்றுபோகும் பிள்ளைகளுள் பலர், தந்தையை இழந்த, அல்லது தந்தையால் கைவிடப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறவர்கள்.

நம் சமுதாயத்தில் இத்தகைய வீடுகள் ஏன் மிகுதி? சாரத்தில் ஏறுபவன் நம்மவன். கிணறு வெட்டுபவன் நம்மவன். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்படுபவனும் நம்மவனே. ஆபத்தான வேலைகள் நமக்கென்று ஒதுக்கப்பட்டன. ஆகவே இளமையில் இறப்பும் நம் வீடுகளைத் தேடி வந்தது. குடியின் கொடுமையும் உடன் சேர்ந்துகொண்டது. பொறுப்பைத் துறந்து ஓடிவிடும் கணவன்மாரும் நம் தெருக்களில் இல்லாமல் இல்லை. காரணம் எதுவாயினும் முழுச்சுமையும் ஒரு பெண்ணின் தலையில் வந்து விழுகிறது. அவள் உழைக்காத நாளில் அடுப்பு எரிவதில்லை.

அவளுக்கு உதவியே இல்லையா என்றால், உண்டு. இன்னின்ன உதவி உண்டு என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம், இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மாத உதவித்தொகை. ஆதரவற்ற விதவையர்க்கான ஓய்வூதியத்தைத் தமிழ்நாட்டு அரசு 1975-ஆம் ஆண்டிலும், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்தை 1986-ஆம் ஆண்டிலும் தொடங்கியது. இத்தொகை 2023 ஆகஸ்டு முதல் மாதம் ரூ.1,200 ஆக உயர்த்தப்பட்டது. விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் பதியலாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பின், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணையிடுவார்.

இரண்டாவது, குடும்பத் தலைவன் இறந்தவுடன் கிடைக்கும் உதவி. வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள குடும்பத்தில் 18 முதல் 59 வயதிற்குள் உழைத்துக் காப்பவர் இறந்தால் ரூ.20,000 வழங்கும் தேசியக் குடும்ப நலத் திட்டம் உண்டு. கழிவுநீர்க் குழியில் இறந்தோர் குடும்பத்திற்கு ரூ.10 இலட்சம் வழங்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதனை ரூ.30 இலட்சமாக உயர்த்தியது. வன்கொடுமையால் கொலையுண்டோரின் மனைவிக்கு, இழப்பீட்டுத் தொகையோடு மாதம் ரூ.5,000 அடிப்படை ஓய்வூதியமும் அகவிலைப்படியும் வழங்கவேண்டும் என 2016-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்பு விதிகள் கூறுகின்றன.

மூன்றாவது, பிள்ளைகளின் பெயரில் வரும் உதவி. அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் படிக்கும் மாணவரின் வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், அல்லது நிரந்தரமாக முடங்கினால், ரூ.75,000 அம்மாணவர் பெயரில் வைப்பீடாக வைக்கப்படுகிறது. இதனைத் தலைமையாசிரியர் வழியாகவே கேட்கவேண்டும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம், விதவைத் தாயின் பிள்ளைக்கும் கைவிடப்பட்ட தாயின் பிள்ளைக்கும் மாதம் ரூ.4,000 வழங்க வழி செய்கிறது. இதற்கு ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் ரூ.72,000, நகரத்தில் ரூ.96,000. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகவேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்வி சேரும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. ஆதிதிராவிடர் மாணவர்க்கான விடுதியும், பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையும் நீங்கள் அறிந்தவையே.

நான்காவது, ஓடிப்போன கணவனிடமிருந்து பெறவேண்டியது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்க்கைப்படி கொடுக்காதவனை நீதிமன்றத்தில் நிறுத்தலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 சூலை முதல் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவாக உள்ளது. வக்கீலுக்குப் பணம் எங்கே என்று கேட்கவேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர்க்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வட்ட நீதிமன்றத்திலேயே அதற்கான குழு இருக்கிறது.

இத்தனையும் இருக்க, அவள் வீட்டில் ஏன் அடுப்பு எரியவில்லை? இதுவே நாம் சிந்திக்கவேண்டிய வினா.

நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவன் தந்தை கொத்தனாருக்குச் சித்தாளாக வேலை செய்து, சாரம் சரிந்து இறந்தார். தாய் களையெடுக்கப் போவார். உதவித்தொகைக்கு அவர் விண்ணப்பித்தபோது, இறப்புச் சான்றில் கணவன் பெயர் ஒரு விதமாகவும் குடும்ப அட்டையில் வேறு விதமாகவும் இருந்தது. இரண்டு எழுத்துகளே வேறுபாடு! அதனைத் திருத்த ஓர் அலுவலகத்திற்கு அவர் ஐந்து முறை சென்றார். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணமும் போயிற்று. “நாளை வா” என்று சொல்வது சொல்பவருக்கு இரண்டு சொற்கள். கேட்பவருக்கோ ஒரு நாள் பட்டினி. ஆறாம் முறை அவர் செல்லவில்லை. சூளைக்காரரிடம் முன்பணம் வாங்குவது பற்றி வீட்டில் பேச்சு எழுந்தது. பையனின் வருகைப் பதிவில் வெற்றிடங்கள் கூடின.

அப்போது இச்சங்கத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர் இருவர் அத்தாயோடு சென்றனர். மனுவை எழுத்தில் கொடுத்தனர். ஒப்புகைச் சீட்டு பெற்றனர். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் முறையிட்டனர். பெயர் திருந்தியது, வாரிசுச் சான்று வந்தது, ஓய்வூதியமும் வந்தது. விபத்து நிதிக்கான தாள்களை நாம் முதல் தகவல் அறிக்கையோடும் பிரேதப் பரிசோதனைச் சான்றோடும் இணைத்து அனுப்பினோம். பையன் இன்று தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கிறான். புதிய சட்டம் எதுவும் இதற்காக இயற்றப்படவில்லை. உடன் நடக்க இருவர் கிடைத்தனர், அவ்வளவே.

இது புதிய செய்தியன்று. அண்ணல் அம்பேத்கர் ஆறாம் வயதை ஒட்டித் தாயை இழந்தவர். அத்தை மீராபாயின் அரவணைப்பில் வளர்ந்தவர். அவருடைய மேற்படிப்புச் செலவைத் தந்தையார் தாங்க இயலாத நிலை வந்தபோது, பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்கினார். மன்னரிடம் கொடை இருந்தது. மாணவரிடம் தகுதி இருந்தது. இரண்டையும் இணைத்தவர் கெலுஸ்கர் என்னும் ஆசிரியர். அவரே அம்மாணவரை மன்னர்முன் அழைத்துச் சென்றவர். நம் ஊரின் ஒவ்வொரு தெருவிற்கும் ஒரு கெலுஸ்கர் தேவை.

ஆகவே இளைஞர்களே, இவ்வெள்ளி விழா ஆண்டில் ஒரு பணியை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் இரண்டு வீடுகளைப் பொறுப்பேற்க வேண்டும். இறப்பு நேர்ந்த வீட்டில் துக்கம் விசாரித்துத் திரும்பிவிடாதீர்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவுசெய்து சான்று பெற்றுக்கொடுங்கள். ஓராண்டு கடந்தால் நடுவரின் ஆணை வேண்டியிருக்கும். குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், பள்ளிச் சான்று அனைத்திலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று, விதவைச் சான்று ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்து, படியெடுத்து, சங்க அலுவலகத்திலும் ஒரு தொகுதி வையுங்கள். வாய்ச்சொல்லாக எதையும் கேட்காதீர்கள். எழுதிக் கொடுங்கள், தேதியிட்ட ஒப்புகை பெறுங்கள். இடைத்தரகனுக்கு ஒரு காசும் கொடுக்கவிடாதீர்கள். திட்டங்களின் தொகையும் விதியும் மாறக்கூடியவை. ஆண்டுக்கு ஒருமுறை கேட்டறிந்து சங்கப் பலகையில் எழுதுங்கள்.

சங்கப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விண்ணப்பித்த நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த இடைவெளியில்தான் பிள்ளை சூளைக்குப் போகிறான். அம்மாதங்களுக்கு அரிசியும் பேருந்துச் செலவும் கொடுக்க ஒரு சிறு கைம்மாற்று நிதி ஏற்படுத்துங்கள். வேலையிலிருக்கும் நம்மவர் ஒவ்வொருவரும் மாதம் நூறு ரூபாய் ஒதுக்கினாலே அது நடக்கும். அவ்வகையில் நம் பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்துள்ளோம்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு சொல். அலுவலக வாயிலில் நிற்பதை இழிவென்று எண்ணாதீர்கள். தகாத வறுமையில் வாடுவோர்க்கு அரசு உதவவேண்டும் என நம் அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு வழிகாட்டுகிறது. நலிந்த பிரிவினரின், சிறப்பாகப் பட்டியல் இனத்தவரின், கல்வி நலனைப் பேணவேண்டும் என்கிறது 46-ஆம் பிரிவு. நீங்கள் கேட்பது பிச்சையன்று. இந்நாட்டின் வயலிலும் சாலையிலும் கட்டடத்திலும் உங்கள் குடும்பத்தின் உழைப்பு கலந்திருக்கிறது. நிமிர்ந்து நின்று கேளுங்கள். உங்கள் அருகில் நம் பிள்ளைகள் நிற்பார்கள்.

அடுத்த விழாவில் படிக்கப்படும் பட்டியலில் அவ்வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களும் ஒலிக்கவேண்டும். அதுவே இச்சங்கத்தின் பணிக்கு உரிய அளவுகோல்.